கடனையும் பிரித்து எழுதுங்கள்!

'விவாகரத்து ஆனால் சொத்தில் பாதி மனைவிக்கு வந்துவிடும்' என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். சில கணவர்கள் அதை நினைத்துப் பயப்படுகிறார்கள். சில மனைவிகள் அதை நம்பித்தான் வக்கீல் அலுவலகப் படியேறுகிறார்கள். இரு தரப்புக்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. இந்து திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் ஆகிய எதிலும் 'கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதெல்லாம் இருவருக்கும் சரிபாதி' என்று எழுதியிருக்கவில்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, சட்டம் முதலில் அவரைத்தான் உரிமையாளராகப் பார்க்கும். ஜீவனாம்சம் வேறு கணக்கு.

கோவாவில் நிலைமை வேறு. 1867-ஆம் ஆண்டின் போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் குடும்பச் சட்டப் பகுதி அங்கே இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாத தம்பதிக்குச் சொத்து பொது. பிரியும்போது ஆளுக்குப் பாதி. நாடு முழுவதற்கும் இதில் ஓரளவையாவது கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. 2010-இல் அறிமுகமான திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்கும் பங்கு கிடைக்க வழி செய்யும் பிரிவோடு 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறுவதற்குள் 2014-இல் அவை கலைந்தது, மசோதாவும் காலாவதியானது.

எனவே, மனமொத்துப் பிரியும் தம்பதிக்கு அவர்கள் உட்கார்ந்து எழுதும் ஒப்பந்தம்தான் சட்டம். அதில் இருப்பது கிடைக்கும். விட்டுப்போனதற்குப் பல ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். இப்படி அதிகம் விட்டுப்போவது நகையோ வீடோ அல்ல, கடன்தான். நகைக்கும் வீட்டுக்கும் வாய்ச்சண்டை போட்டவர்கள்கூட 'லோனை நான் பார்த்துக்கிறேன்' என்ற ஒரு வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஆறு மாத அவகாசம் எதற்கு?

இந்து திருமணச் சட்டத்தில் 13பி பிரிவு 1976-இல் சேர்க்கப்பட்டது. கணவன் மனைவியாக வாழாமல் ஓராண்டு பிரிந்திருந்தவர்கள் இருவரும் சேர்ந்து மனு போடலாம். அதன்பின் ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இரண்டாவது முறை வந்து 'இன்னும் அதே முடிவில்தான் இருக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 28-ஆம் பிரிவும், கிறிஸ்தவர்களுக்கு 10ஏ பிரிவும் இதே போன்ற வழியைத் தருகின்றன.

ஆறு மாதக் காத்திருப்பு எல்லோருக்கும் கட்டாயமில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிந்து போதிய காலம் ஆகி, ஜீவனாம்சம், பிள்ளைகள் உட்பட எல்லாவற்றையும் உண்மையாகவே தீர்த்துக்கொண்டவர்களுக்குக் குடும்பநல நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம். பலரும் இந்தச் சலுகையைக் கேட்கிறார்கள். ஆனால் பொதுவில் வீடும் கடனும் உள்ளவர்களுக்கு அந்த ஆறு மாதம் வீணான நாட்கள் அல்ல. வங்கியில் கடனை மாற்றவும், அடகு நகையை மீட்கவும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியவும் அந்த நாட்கள் தேவைப்படுகின்றன. இருவரின் கையெழுத்தும் சுலபமாகக் கிடைக்கிற கடைசிக் காலமும் அதுதான். தீர்ப்பு கைக்கு வந்தபின் ஒருவர் பெங்களூருக்கோ துபாய்க்கோ போய்விடலாம், மறுமணம் செய்துகொள்ளலாம், போனையே எடுக்காமல் இருக்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும், ஒருவர் நடுவில் பின்வாங்கலாம் என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் பணத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்: முதல் மனுவின்போது ஒரு பகுதி, இரண்டாவது முறை நீதிபதி முன் நிற்கும்போது மீதிக்கு டிடி.

முதலில் பட்டியல்

எதைப் பிரிப்பது என்று தெரியாமல் பிரிக்க முடியாது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அதற்கான படிவத்தையும் தீர்ப்போடு இணைத்தது. சண்டையில்லாமல் பிரிபவர்களும் அந்தப் படிவத்தை எடுத்துவைத்து நிரப்பிப் பார்க்கலாம். வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, பிஎஃப், காப்பீட்டு பாலிசி, மியூச்சுவல் ஃபண்ட், வண்டி, நிலம் ஒரு பக்கம். வீட்டுக் கடன், தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, நகைக் கடன், ஜாமீன் கையெழுத்து மறு பக்கம். எடுத்துவிட்ட ஏலச்சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணையும், மகளிர் சுயஉதவிக் குழுவில் மனைவி பெயரில் வாங்கிக் கணவரின் தொழிலில் போட்ட பணமும் பட்டியலில் ஏற வேண்டும். கைமாற்றுக்கும் இடம் வேண்டும். 'மாமாவிடம் வாங்கிய மூன்று லட்சம்' யாருக்காக வாங்கியது, யார் திருப்ப வேண்டும் என்று எழுதிவிட்டால் பின்னால் இரு குடும்பங்களும் மோத வேண்டியிருக்காது.

நகைக்குத் தனிப் பட்டியல் வேண்டும். கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீடு போட்ட நகையும், மற்றவர்கள் அவளுக்குத் தந்த பரிசும் அவளுடைய சீதனம். அது குடும்பப் பொதுச் சொத்து ஆகாது. கணவரிடமோ மாமியாரிடமோ கொடுத்துவைத்திருந்தால் அவர்கள் வெறும் பாதுகாவலர்களே என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருட்கள் பற்றி நீதிமன்றம் முடிவெடுக்கலாம் என்று இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது.

எழுத்தில் இல்லாத நகை என்ன பாடு படுத்தும் என்பதற்குக் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கு சாட்சி. கல்யாணத்தில் தனக்குப் போட்ட 89 பவுனை முதல் இரவிலேயே கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார், பிறகு அது அவர்கள் கடனை அடைக்கப் போய்விட்டது என்பது அந்தப் பெண்ணின் புகார். 2011-இல் குடும்பநல நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. போதிய நிரூபணம் இல்லை என்று உயர் நீதிமன்றம் நகை தொடர்பான உத்தரவை ரத்து செய்தது. கடைசியில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. கஷ்ட காலத்தில் கணவர் மனைவியின் சீதனத்தை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதைத் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு மீண்டும் உறுதிப்படுத்தியது. முதல் தீர்ப்புக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையே 13 ஆண்டுகள் போய்விட்டன.

கடை பில், கல்யாண போட்டோ, அடகுச் சீட்டு, லாக்கர் பதிவு ஆகியவற்றை வைத்து 'ஆரம் ஒன்று, 5 பவுன். வளையல் நான்கு, 6 பவுன்' என்று எடையோடு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் இந்த அலைச்சல் வராது. நகை அடகில் இருந்தால், யார் பெயரில், எந்தக் கிளையில், எவ்வளவுக்கு, எந்தத் தேதிக்குள் யார் மீட்டுத் தருவது என்பதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும்.

அடுப்படி உழைப்புக்கும் பங்கு

சம்பளம் இல்லாத மனைவி ஒப்பந்த மேசையில் 'நான் என்ன சம்பாதித்தேன், கேட்பதற்கு?' என்று தயங்குவது உண்டு. அவர்களுக்குத் தைரியம் தரும் தீர்ப்பு ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் வழங்கினார். கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார்; மனைவி ஊரில் பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். வாங்கிய சொத்தெல்லாம் தன் பணம் என்றார் கணவர். வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பு இல்லாமல் அந்தச் சம்பாத்தியமே நடந்திருக்காது, எனவே சில சொத்துகளில் அவருக்குச் சரிபாதி உண்டு என்றது தீர்ப்பு. இதற்கென்று தனிச் சட்டம் இல்லை, ஆனால் அந்த உழைப்பை அங்கீகரிக்கத் தடையும் இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. அது விவாகரத்து வழக்கில் வந்த தீர்ப்பு அல்ல. எல்லா வழக்குக்கும் தானாகப் பொருந்திவிடவும் செய்யாது. ஆனாலும் பேரம் பேசும் இடத்தில் இல்லத்தரசி கையில் எடுத்து வைக்கக்கூடிய வலுவான வாதம் அது.

வங்கி உங்கள் ஒப்பந்தத்தில் இல்லை

வீட்டுக் கடனில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனுக்கு இருவருமே முழுப் பொறுப்பு. பாதிப் பாதி அல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43-ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு இல்லாத நிலையில் கடன் கொடுத்தவர் கூட்டாகக் கையெழுத்திட்டவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். 'லோனைக் கணவர் கட்டுவார்' என்று குடும்பநல நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் இருவருக்கும் இடையில்தான் செல்லும். வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லை, அதனால் வங்கியை அது கட்டுப்படுத்தாது. கணவர் தவணையை நிறுத்தினால் மனைவியின் சிபில் அறிக்கையிலும் கறை ஏறும். 90 நாளுக்கு மேல் பாக்கி விழுந்தால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன் பிறகு வீட்டையே கையகப்படுத்தும் நடவடிக்கைக்கும் வங்கிக்குச் சட்டத்தில் வழி உண்டு.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். இருவர் பெயரிலும் உள்ள அடுக்குமாடி வீட்டின் இன்றைய விலை 60 லட்சம், கடன் நிலுவை 38 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் பிரிக்க இருப்பது 22 லட்சம்தான். வாங்கும்போது கட்டிய முன்பணம் 12 லட்சத்தில் மனைவியின் அப்பா தந்தது 8 லட்சம், கணவர் போட்டது 4 லட்சம். தவணையை இருவர் சம்பளத்திலும் கட்டினார்கள். சரிபாதி என்றால் ஆளுக்கு 11 லட்சம். முன்பணத்தை அவரவருக்குத் திருப்பிவிட்டு மீதி 10 லட்சத்தைப் பிரித்தால் மனைவிக்கு 13 லட்சம், கணவருக்கு 9 லட்சம். இரண்டும் நியாயமான கணக்குதான். எதை எடுப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம்.

இரண்டாவது கணக்கை எடுத்து, வீட்டைக் கணவர் வைத்துக்கொள்வதாக முடிவானால் அவர் 13 லட்சம் தர வேண்டும், 38 லட்சம் கடனையும் தன் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். 9 சதவீத வட்டியில் 15 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 38,500 ரூபாய். இருவர் சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்த கடனை ஒருவர் சம்பளத்துக்கு மாற்ற வங்கி சம்மதிக்குமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றிப் பார்க்கலாம். அதுவும் நடக்காவிட்டால் விற்பதுதான் வழி.

'வீட்டுக் கடனைக் கணவர் பார்த்துக்கொள்வார்' என்ற வாசகம் யாரையும் காப்பாற்றாது. அதே விஷயத்தை இப்படி எழுதலாம்: 'இன்ன வங்கி, இன்ன கிளை, இன்ன எண்ணுள்ள கடனில் இன்ன தேதியில் நிலுவை 38 லட்சம் ரூபாய். இந்தத் தேதிக்குள் கணவர் இக்கடனைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றி, மனைவி விடுவிக்கப்பட்டதற்கான வங்கிக் கடிதத்தைத் தர வேண்டும். அதுவரை தவணைகளைக் கணவர் கட்ட வேண்டும். மனைவி கட்ட நேர்ந்தால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். தவறினால் வீட்டை விற்று, கடனை அடைத்து, மீதியை மேற்சொன்ன கணக்கில் பிரித்துக்கொள்ள வேண்டும்.' தொகை, தேதி, நடக்காவிட்டால் என்ன வழி ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன.

மற்ற கடன்களுக்கும் இதே கவனம் வேண்டும். கூடுதல் கார்டில் செலவு செய்தவர் யாராக இருந்தாலும் வங்கி பணம் கேட்பது பிரதான கார்டுக்காரரிடம்தான். கூடுதல் கார்டை உடனே ரத்து செய்துவிடுவது நல்லது. மைத்துனரின் தொழில் கடனுக்கு மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு அந்த ஜாமீனை நீக்காது. வேறு ஜாமீன்தாரரை நிறுத்தி வங்கியிடம் எழுத்தில் விடுதலை வாங்க வேண்டும். கந்துவட்டிக் கடன் இருந்தால் பயந்து மறைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அந்தக் கடனும் பட்டியலில் வர வேண்டும்.

தீர்ப்புக்கு முன் பத்திரம்

ஒருவர் தன் பாதியை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கப் பதிவது விடுதலைப் பத்திரம். ஒருவர் பெயரில் மட்டும் உள்ள சொத்தை மற்றவருக்கு எழுதிவைக்கச் செட்டில்மென்ட் பத்திரம். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கிடையே பதிந்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட அளவுகள் இவை. சாதாரணக் கிரயம் என்றால் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு 30 லட்சம் உள்ள பாதிப் பங்கை மனைவியாகவோ கணவராகவோ இருக்கும்போது விடுவித்தால் செலவு சுமார் 40,000 ரூபாய். அந்த உறவு முடிந்தபின் கிரயமாகப் பதிந்தால் 2,70,000 ரூபாய். இரண்டாவது முறை நீதிபதி முன் நிற்பதற்கு முன்பே பத்திரத்தை முடிக்கச் சொல்வதன் காரணம் இதுதான். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் பதியும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வீடு வங்கி அடமானத்தில் இருந்தால் தாய்ப்பத்திரம் வங்கியிடம் இருக்கும், வில்லங்கச் சான்றில் எம்ஓடி (பத்திரத்தை ஒப்படைத்து வைத்த அடமானம்) பதிவும் தெரியும். வங்கியின் தடையில்லாக் கடிதம் இல்லாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. சமரசத் தீர்ப்பிலேயே சொத்து விவரம் இருக்கிறதே என்று பத்திரத்தை விட்டுவிடுவதும் ஆபத்து. வழக்கில் இல்லாத அசையாச் சொத்து சமரசத் தீர்ப்பில் இடம்பெற்றால் அதற்குப் பதிவு தேவை என்கிறது பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு.

வீட்டைப் பிள்ளை பெயரில் எழுதிவிடலாம் என்ற யோசனை பல பேச்சுவார்த்தைகளில் வரும். மனசுக்கு நல்லதாகத்தான் படும். ஆனால் இந்துக் குடும்பங்களில் மைனரின் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டாலும் இதே விதிதான். அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும்.

எழுதினாலும் செல்லாதவை

'எனக்கு எதுவும் வேண்டாம், இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதிக்கொடுத்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. பராமரிப்பு வழக்கில் 8,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு இனிக் கேட்கமாட்டேன் என்று சமரசம் செய்துகொண்ட ஒரு பெண், பிறகு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மீண்டும் வழக்குப் போட்டார். அந்தச் சமரசம் இந்த உரிமையைத் தடுக்காது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளையின் பராமரிப்பு பிள்ளையின் உரிமை. அதை அம்மாவோ அப்பாவோ விட்டுக்கொடுக்க முடியாது. எனவே பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, யாரிடம் எத்தனை நாள் என்பதெல்லாம் கடன் கணக்கைப் போலவே தெளிவாக எழுதப்பட வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி அத்துவிடும் பழக்கம் சில பகுதிகளில் இன்னும் இருக்கிறது. வழக்காற்று விவாகரத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக இருப்பதைச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் நோட்டரி முத்திரை குத்திய தாள் விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தவர்கள் குற்ற வழக்கைக்கூடச் சந்திக்க நேரிடலாம்.

நீதிமன்றத் தீர்ப்பில் இணைந்த ஒப்பந்தத்துக்குப் பலம் வேறு. அதை ஒருவர் மீறினால் மற்றவர் நிறைவேற்று மனு போடலாம். நீதிபதி முன் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகவும் ஆகலாம்.

பேசி முடிக்க இருவராலும் முடியாதபோது சமரசப் பேச்சாளர் உதவுவார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் உண்டு. தன் பெயரில் சொத்தும் வருமானமும் இல்லாத பெண், வக்கீல் வைத்திருக்கும் கணவர் எதிரே தனியாக உட்கார வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி வருமான வரம்பு ஏதுமின்றி எல்லாப் பெண்களுக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. குறைந்த வருமானமுள்ள ஆண்களும் கேட்கலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். போகும்போது கடன் கணக்கு அறிக்கை, சிபில் அறிக்கை, வில்லங்கச் சான்று, நகைப் பட்டியல் நான்கையும் கையில் எடுத்துப்போனால் முதல் நாளே ஒப்பந்த வரைவைத் தொடங்கிவிடலாம். தீர்ப்பு வந்த வாரத்தில் வங்கி, பிஎஃப், காப்பீடு மூன்றிலும் நாமினி பெயரை மாற்றும் வேலையையும் அந்தப் பட்டியலின் கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.